மாவுக்கட்டுக்குள் ஒரு காப்புக் கயிறு

கட்டு அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். போன மாதம் மூட்டுவலிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, உங்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அந்தம்மா ஒரே அழுகைக்கா. கல்யாண மோதிரமாம், கழட்ட வேணாம்னு. சரி போகட்டும்னு அப்படியே விட்டுட்டேன்." கேட்டவள் சிரித்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மருந்துச் சீட்டு கீழே விழுந்துவிட்டது. அங்கேயே நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வேலையை விட்டுப் போன கிழவிக்கு இங்கே என்ன அதிகாரம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் வீட்டுக்கு வந்து, எழுத்துக்கூட்டி இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். விஷயத்தில் கோணல் இல்லை.

நான் கட்டு அறை ஆயாவாக இருந்தது வெள்ளைக்காரன் காலத்தில். இரண்டாவது உலகச் சண்டை அப்போது தொடங்கவில்லை. என் வேலை என்ன? ஒடிந்த கையையோ காலையோ அழுக்குப் போகத் துடைப்பது. மோதிரம், வளையல், கயிறு, தாயத்து எது இருந்தாலும் எடுத்துவிடுவது. டாக்டர் எலும்பைச் சேர்த்ததும் பஞ்சு சுற்றிக் கொடுப்பது. அதன் மேல் மாவுத்துணியை நனைத்து டிரெஸர் கட்டுப் போடுவார். ஒடிந்த கை வீங்கும். கயிறு வீங்காது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

பெரிய டாக்டர் எலும்பில் கை வைக்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: "எல்லாம் எடுத்தாச்சா?" ஆயா, "எடுத்தாச்சு அய்யா" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைத் தவிர அந்த அறைக்குள் ஆயாவின் குரல் கேட்கக் கூடாது. அது சட்டம். அந்த ஒரு வார்த்தையை நான் ஒரு நாள் பொய்யாகச் சொன்னேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பங்குனி மாதம். ஆனையூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒருவனைக் கொண்டு வந்தார்கள். சோணை என்று பேர். இருபது வயது இருக்கும். கம்பு சுற்றுகிறவன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு எதிரில் கம்பை எடுக்கவே ஆட்கள் யோசிப்பார்களாம். ஊரில் அம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கடைசி நாள் சாமி புறப்படும்போது சாமிக்கு முன்னால் கம்பு சுற்றிக்கொண்டு போகும் இடம் அந்த வருஷம் அவனுக்கு. பயிற்சியில் பின்னால் எகிறிக் குதித்தவன், வலது கையை ஊன்றி விழுந்துவிட்டான். மணிக்கட்டு வளைந்த அகப்பை மாதிரி இருந்தது. அவனோ வாயைத் திறக்கவில்லை.

கூட வந்தவர் அவனுக்குக் கம்பு சொல்லிக்கொடுத்த வாத்தியார். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தார். நான் கையைத் துடைக்கப் போனதும் ஓடி வந்து மறித்தார்.

"இந்தாம்மா, அந்தக் கயத்துல மட்டும் கைய வச்சிராத."

பார்த்தேன். வீங்கின மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிறு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவன் திருவிழா முடியும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. எனக்குத் தெரியாதது இல்லை.

"எல்லை தாண்டித்தானய்யா கூட்டியாந்திருக்கீக?" என்றேன்.

"அதுக்கு வழி பண்ணியாச்சு. ஊர் மண்ண ஒரு துணியில முடிஞ்சு, அது மேல ஒக்கார வச்சுத்தான் வண்டியில கொண்டாந்தேன். மண்ணு மேல இருந்தா ஊருக்குள்ள இருக்கிற மாதிரி. அம்புட்டுத்தான்."

"கயித்துக்கு?"

"கயித்துக்கு வழி ஏது? அறுத்தா குத்தம். அறுக்குறவ குடும்பத்தையும் சேத்துக் கேக்கும் ஆத்தா. பிள்ள குட்டிக்காரி மாதிரி தெரியுது. யோசிச்சுக்க."

எனக்கு ஒரே மகள். அவளுக்கு அம்மை போட்டு, தண்ணீர் ஊற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஆள் எங்கே அடித்தால் விழும் என்று தெரிந்து அடித்தார். நானும் விழுந்தேன். கயிறு சற்றுத் தளர்வாகத்தான் இருந்தது. போகிற மட்டும் அதை மேலே தள்ளினேன். மணிக்கட்டிலிருந்து நாலு விரற்கடை ஏறி, முன்கைச் சதையில் போய் நின்றது. ஈரத்துணியை அதன் மேல் போட்டு மூடினேன்.

பெரிய டாக்டர் வந்தார். "எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு அய்யா."

மயக்க மருந்து கொடுத்து, இழுத்து, எலும்பைச் சேர்த்துவிட்டு அவர் கை கழுவப் போனார். நான் துணியை எடுத்த கையோடு பஞ்சைச் சுற்றிவிட்டேன். டிரெஸர் பாய் கட்டுப் போட்டார். பாய் கட்டினால் அது கட்டு. ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தொளதொளப்பு என்று இருக்காது. அவர் கையிலேயே நான் கண்கட்டு வித்தை காட்டிவிட்டேன்.

வாத்தியார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நல்ல காரியம் செய்தாய் என்கிற மாதிரி. அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைவிட, அதைப் பார்த்து எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் இன்னும்.

மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் நேரே சோணையின் கட்டிலுக்குப் போனேன். உட்கார்ந்திருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

"தூங்கினியாப்பா?"

"தூங்கினேன் ஆயா."

கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தேன். கொழுத்து, கறுத்து, நாவல்பழ நிறத்தில் இருந்தன. நடுவிரலைப் பிடித்தேன். தண்ணீர்ப் பானையடி மாதிரி சில்லென்று இருந்தது.

"நான் தொடுறது தெரியுதா?"

"எதத் தொட்டீக?" என்றான்.

பிள்ளைகளே, அந்த ஒரு கேள்வியில் என் உயிர் பாதி போய்விட்டது. விரலை நான் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சிஸ்டரிடம் ஓடினேன். விரல் கறுத்திருக்கிறது, கட்டைப் பிரிக்க வேண்டும் என்றேன். பெரிய டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், வர இரண்டு மணி நேரம் ஆகும், அவர் சொல்லாமல் கட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார் சிஸ்டர். உள்ளே கயிறு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்தம்மாவே ஓடி வந்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை. முதல் நாள் சாமிக்குப் பயம், மறுநாள் வேலைக்குப் பயம். பயத்துக்கு ஆள் மாறினது, நான் மாறவில்லை.

கட்டு அறைக்குப் போனேன். பாய் மட்டும் இருந்தார்.

"அண்ணே, நேத்துப் போட்ட கட்டப் பிரிக்கணும். விரல் செத்துக்கிட்டு இருக்கு."

"இறுக்கமாப் போடலயே தாயம்மா. நான் போட்ட கட்டு எனக்குத் தெரியும்."

"கட்டு இறுகலண்ணே. உள்ள கயிறு இருக்கு. எடுத்தாச்சுன்னு பொய் சொன்னேன்."

பாய் திட்டுவார் என்று நினைத்தேன். மாவுக்கட்டை இளக்குகிற காடிப் புட்டியையும் கத்தியையும் எடுத்து என் கையில் கொடுத்து, பெரிய கத்திரியைத் தான் எடுத்துக்கொண்டு, "நட" என்றார். உத்தரவு இல்லாமல் கட்டைப் பிரித்தால் அவர் வேலை போய்விடும். வீட்டில் ஆறு பேர் அவர் ஒருவரை நம்பி இருந்தார்கள். ஆறு பேரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டிலுக்கு முன்னால் வாத்தியார் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரு சொல்லாம பிரிக்க நீங்க யாரு? ராவெல்லாம் ஒரு முனகல் கெடையாது எம்பயகிட்ட. கம்புக்காரன் வலிக்குதுன்னு சொல்ல மாட்டான். நல்லாத்தான் இருக்கான்."

அப்போது வந்ததம்மா எனக்குக் கோபம். வார்டே திரும்பிப் பார்த்தது. "வலிக்குதுன்னு அவன் வாய்விட்டுக் கத்தியிருந்தா நேத்தே அவன் கை பிழைச்சிருக்கும். அவன் வாயக் கட்டிவச்சது நீரு, கையக் கட்டிவச்சது நானு. இனி ஒரு வார்த்த பேசுனா இந்தக் காடிய ஒம்ம மூஞ்சியில ஊத்துவேன். நகரும்!"

நகர்ந்தார். ஒரு ஆயா தன்னை நீர், ஒம்ம என்று பேசின அதிர்ச்சியில் நகர்ந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

காடியை ஊற்றி ஊறவைத்து, பாய் நீளவாக்கில் வெட்டினார். பஞ்சை விலக்கினேன். கயிற்றைக் காணோம். சதை பொங்கி இரண்டு பக்கமும் மூடி, நடுவில் ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. மஞ்சள் துண்டு சதைக்குள் பல் மாதிரி பதிந்திருந்தது. கத்திரி நுனியை உள்ளே விட்டு நானே அறுத்தேன். என் மகள் முகம் ஒரு கணம் வந்தது. வரட்டும் என்று அறுத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரத்தம் விரலுக்குள் இறங்கியது. அப்போதுதான் சோணை கத்தினான். அப்படி ஒரு கத்தல். என் பிறப்பில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். யார், என்ன என்று கேட்கவில்லை. பாயைப் பார்த்து, "கழுத மாதிரி இறுக்கிக் கட்டியிருக்க. இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா கைய எடுக்கணும்" என்று வார்டு அதிரக் கத்தினார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"கட்டு சரிதான் அய்யா. கயித்த உள்ள வச்சது நான்" என்றேன்.

மறுநாளே என்னைக் கட்டு அறையிலிருந்து தூக்கி, துணி வெளுக்கும் கொட்டகைக்குப் போட்டார்கள். அது நியாயம். அதற்கு நான் கோபப்படவில்லை. சிஸ்டர் கொட்டகைக்கு வந்து ஒன்று கேட்டார்: "வலது கையில இருந்து எடுத்து இடது கையில கட்டுங்கன்னு அந்த ஆள்கிட்ட சொல்ல உனக்குத் தோணலயா?" தோன்றவில்லை. எல்லையை ஒரு முடிச்சு மண்ணில் அடக்கத் தெரிந்தவரிடம் அதைக் கேட்டிருந்தால், ஐந்து நிமிஷத்தில் ஒத்துக்கொண்டிருப்பார். இல்லை, ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று டாக்டர் முன்னால் சொல்லியாவது இருப்பார். நான் கேட்கவே இல்லை. ஆனால் சிஸ்டருக்கும் பதில் சொன்னேன். "அந்த அறையில எடுத்தாச்சுன்னு சொல்ல மட்டுந்தான் எனக்கு வாய் குடுத்திருக்கீகம்மா. எடுக்க முடியல, என்ன செய்யட்டும்னு கேக்க எங்க குடுத்தீக?" அந்தச் சட்டம் எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. உங்கள் காலத்தில் கேட்க வாய் இருக்கிறது. இருந்தும் நீங்கள் சும்மா இருப்பதுதான் எனக்கு ஆத்திரம்.

மறுபடி கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. பெரிய டாக்டர் கைதேர்ந்தவர், அதை மறுக்க மாட்டேன். "கையை நன்றாகப் பழக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்படிப் பழக்குவது? யாரும் சொல்லவில்லை. கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். சோணை தன் வலது கையை இடது கையில் தாங்கிக்கொண்டு போனான், யாரோ கொடுத்து வைத்த பொருள் மாதிரி. விரல் மூடவில்லை. மணிக்கட்டு அசையவில்லை.

கூப்பிட்டேன். தல்லாகுளத்தில் அக்கா வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னான்.

"தெனம் காலையில இங்க வா. துணி பிழியணும்."

"எதுக்கு ஆயா? இது இனி வராது. கயித்த அறுத்த அன்னைக்கே ஆத்தா பிடிய எடுத்துக்கிட்டாளாம். வாத்தியாரு சொன்னாரு. என் எடத்தையும் வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

அவன் அதை நம்பினான். அதுதான் கட்டைவிடக் கெட்ட கட்டு. விரலை மூடச் சொன்னால், மூடப் பார்க்கவே மாட்டேன் என்றான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நனைத்த தலையணை உறை ஒன்றை அவன் கையில் வைத்துச் சொன்னேன். "ஆத்தா எடுக்கல. கயித்த அறுத்ததுனால கை போகல. அறுக்காம விட்டதுனாலதான் போச்சு. உள்ள வச்சுக் கட்டினது நான். டாக்டருகிட்ட பொய் சொன்னதும் நான்."

கட்டைப் பிரித்த அன்று வார்டில் நான் சொன்னது எதுவும் வலியில் அவன் காதில் ஏறியிருக்கவில்லை; அவனுக்கு அது அதுவரை தெரியாது. அந்த ஈர உறையை என் மேல் எறிந்துவிட்டுப் போய்விட்டான். இடது கையால்தான் எறிந்தான்.

மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்தான். என்னோடு பேசவில்லை. தலையணை உறையை எடுத்து, வலது கையில் பிடித்துப் பிழியப் பார்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. பல்லைக் கடித்தான். உறையிலிருந்து துண்டு, துண்டிலிருந்து படுக்கை விரிப்பு. விரிப்பின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறு முனையை அவன் முறுக்குவான். என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அதில்தான் காட்டினான். சில நாள் முறுக்குகிற வேகத்தில் நான் தடுமாறுவேன். முறுக்கடா என்று நினைத்துக்கொள்வேன். ஆடி போய் ஆவணி வந்தபோது, விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. பெரிய டாக்டர் வெளியூரிலிருந்து வந்த டாக்டர்களிடம் அந்தக் கையைக் காட்டி, தன் கட்டின் பெருமையைச் சொன்னார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன்.

அடுத்த பங்குனியில் அவன் அக்கா வந்து, தம்பி திருவிழாவில் கம்பு எடுக்கிறான் என்றாள். லீவு சொல்லிவிட்டு வண்டி பிடித்துப் போனேன். பெண்கள் நிற்கிற பக்கம் நின்றேன். அவன் இடத்தைப் பிடித்தவனோடுதான் முதல் ஆட்டம். சோணையின் மணிக்கட்டு பின்னால் முழுக்க மடங்கவில்லை. கம்பைத் தலைக்கு மேல் கொண்டு போகும்போது முழங்கையைத் தாழ்த்திச் சமாளித்தான். எதிராளி அதைக் கண்டுகொண்டு அங்கேயே அடித்தான். அடி மேல் அடி. கம்பு சோணையின் கையை விட்டுப் போகவில்லை. கடைசியில் எதிராளி கம்புதான் பறந்தது.

கூட்டம் குலவையிட்டது. வாத்தியார் நடுவில் வந்து கையைத் தூக்கினார்.

"ஆத்தா எடுத்த கைய ஆத்தாளே திருப்பிக் குடுத்துட்டா! ஆனா குத்தம் குத்தந்தேன். காப்ப அறுத்தவன் சாமிக்கு முன்னால போக முடியாது. வேற ஆளுதேன் போகணும்."

என் ரத்தம் கொதித்தது. எத்தனை மாதம்! எத்தனை விரிப்பு! சோணை தண்ணீர் குடிக்க எங்கள் பக்கம் வந்தான். என்னைப் பார்த்துவிட்டான்.

"எதுக்கு வந்த?"

"கையப் பாக்க."

"பாத்தாச்சுல்ல?"

"பாத்தேன். பின்னால இன்னும் மடங்கல."

"அது ஒன் கைவேல." தண்ணீரைக் குடித்து வாயைத் துடைத்தான். "என்கிட்ட மட்டும் சொன்னா போதுமா ஆயா? கொட்டகையில, யாரும் இல்லாதப்ப? இந்தா இம்புட்டுப் பேரு நிக்கிறாக. இங்க சொல்லு."

அங்கே நான் யார்? அசலூர்க்காரி, ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி வெளுக்கிறவள். களத்து விளிம்பு வரை போனேன்.

"பொம்பள உள்ள வரக்கூடாது" என்றார் வாத்தியார்.

"உள்ள வரல. இங்க நின்னே சொல்றேன்" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "காப்ப இவன் அறுக்கல. இவன் கேக்கவும் இல்ல. அறுத்தது நான். மொத நாளே எடுக்க வேண்டியத எடுக்காம, இந்த ஆளு பேச்சக் கேட்டு, கட்டுக்குள்ள மறைச்சு வச்சு, இவன் கைய அழுக விட்டதும் நாந்தான். குத்தம் கேக்கணும்னா ஆத்தா என்னையக் கேக்கட்டும், இந்த வாத்தியாரக் கேக்கட்டும். இவன எதுக்குக் கேக்குறீக?"

யாரோ சிரித்தார்கள். யாரோ, "யாருய்யா இவ?" என்றார்கள். கோயில் பக்கம் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்ப இந்தப் பய மேல என்னய்யா குத்தம்?" என்று வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் தன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சோணை என் பக்கம் திரும்பவே இல்லை. தரையில் கிடந்த தன் கம்பை வலது கையால் எடுத்தான். சாமி சப்பரத்துக்கு முன்னால் போய் நின்று, மேளக்காரரைப் பார்த்துச் சொன்னான்.

"அடிங்கண்ணே, நேரமாகுது."